குறுக்கே போட்ட நங்கூரம்

வெளிக்கடலிலிருந்து பார்த்தால் ரீனா துறை கண்ணில் படாது. கலிம்னோஸ் தீவின் கிழக்குக் கரை நெடுக ஒரே பாறைச் சுவர்தான். கிட்டே போய், மோதிவிடுவோமோ என்று தோன்றும் நேரத்தில்தான் சுவர் இரண்டாகப் பிளந்து வழிவிடும். பதினொரு வருடமாக அந்தப் பிளவுக்குள் படகு நுழையும்போதெல்லாம் வூலா சிலுவை போட்டுக்கொள்வாள். "சாமி கும்பிட்டது போதும், கயித்தை எடு" என்று கலோத்தினா கத்துவாள். இந்த வருடம் சிலுவை போட ஆளில்லை. கத்தித் தீர்க்கவும் ஆளில்லை.

கலோத்தினா தன்னந்தனியாக வந்திருந்தாள். பக்கத்துத் தீவான லேரோஸிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஆறு மணி நேரம், ஒரு கையில் சுக்கான் தடியும் இன்னொரு கையில் பாய்க் கயிறுமாக, அம்மாவின் பெயர் வைத்த 'தெமெலினா' என்ற ஒன்பது மீட்டர் பழைய படகை ஓட்டி வந்திருந்தாள். வயது ஐம்பத்து நான்கு. ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற தொண்டை. அந்தத் தொண்டையை அவள் கடலுக்கு வரும்போது வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை.

ஏன் தனியாக வந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக இருந்தது: காற்று நன்றாக இருந்தது, வந்தேன். அது பச்சைப் பொய். அன்று ஜூலை இருபத்தாறு, புனித பரஸ்கெவியின் திருநாள். வூலாவின் முழுப்பெயர் பரஸ்கெவி; அந்தப் புனிதரின் திருநாள்தான் அவளுக்குப் பெயர்நாள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் வூலாவும் அவளும் ஒவ்வொரு வருடமும் இந்தப் பெயர்நாளுக்குத் 'தெமெலினா'வில்தான் ரீனாவுக்கு வருவார்கள். பாறைமேல் இருக்கிற சின்னக் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, துறைமேட்டிலேயே மேசை போட்டு, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் வூலா இனிப்பும் மதுவும் கொடுப்பாள்.

மே மாதம் வூலா போன் செய்தாள். "இந்த வருஷம் இரீனி படகுல போறேன்டி. நீயும் எங்களோட வாயேன். மூணு பேருமா போவோம்."

எங்களோட! கலோத்தினா போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எடுக்கவும் இல்லை. லேரோஸ் சின்ன ஊர். ஒருத்தி கண்ணில் இன்னொருத்தி படாமல் இரண்டு மாதம் ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். கலோத்தினா பஸ்ஸைத் தபால் நிலையத் தெரு வழியாக விடாமல் சுற்றிக்கொண்டு போனாள். பிள்ளைகள் வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன.

இரீனி என்பவள் கோஸ் தீவில் மருந்துக்கடை வைத்திருப்பவள். நெட்டையாக, மெல்லிய குரலில், யாரையும் "நீங்க, வாங்க" என்று பேசுகிறவள். குளிர்காலத்தில்தான் புதுப்படகு வாங்கினாள். பன்னிரண்டு மீட்டர். சுக்கான் தடி கிடையாது, பஸ் ஸ்டியரிங் மாதிரி பெரிய சக்கரம். பொத்தானை அழுத்தினால் நங்கூரம் தானே இறங்கும், தானே ஏறும். 'அதையெல்லாம் ஓட்டுறதுக்குக் கடலோடி எதுக்கு, மின்சார வேலை தெரிஞ்சவன் போதுமே' என்று கலோத்தினா கடைத்தெருவில் சொல்லி வைத்திருந்தாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தப் படகின் படத்தைப் போனில் நாலு முறை பெரிதாக்கிப் பார்த்தாள்.

துறைக்குள் நுழைந்ததுமே அது கண்ணில் பட்டது. துறைமேட்டில் பின்பக்கத்தைக் கட்டிக்கொண்டு, முகப்பை எதிர்ப்பாறைக்குக் காட்டி, வரிசையில் ஆறு படகு நின்றது. ஏழாவதுக்கு ஒரே ஒரு இடம் காலி. அது இரீனியின் படகுக்கு இந்தப் பக்கம், ஒட்டி. வேறு எங்கே காலியாக இருக்கும்! கலோத்தினாவின் அன்றைய ராசி அப்படி.

ரீனாவில் நங்கூரம் போடுவதற்கு ஒரே முறைதான். எந்த இடத்தில் கட்டப்போகிறோமோ அதற்கு நேர் எதிரே, வாய்க்காலின் நடுவில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, நேர்கோட்டில் பின்னோக்கி வந்து துறைமேட்டில் கயிறு கொடுக்க வேண்டும். கோடு பிசகினால் சங்கிலி பக்கத்துப் படகின் சங்கிலிமேல் விழும். அப்புறம் அவன் கிளம்பும்போது நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவான். எதிர்ப்பாறையில் மழைநீர் வழிந்த கறுப்புக் கோடுகள் உண்டு. அவற்றில் ஒன்றைக் குறி வைத்துக்கொண்டால் பிசகாது. கலோத்தினா கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இது.

கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கலாம். அவள் கண்ணைத் திறந்து இரீனியின் படகைப் பார்த்தாள். வூலா நீலநிறப் புது உடையில், சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுச் சாமானைத் துடைக்கிற மாதிரி பொறுமையாகத் துடைத்தாள். பக்கத்தில் இரீனி ஏதோ சொல்ல, வூலா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலோத்தினாவுக்குத் தெரியும். பதினொரு வருடம் அது அவளுடைய சொத்தாக இருந்தது.

அவள் வயிறு எரிந்தது. கை தானாகச் சங்கிலியை விட்டது.

பாதிச் சங்கிலி ஓடின பிறகுதான் எதிர்ப்பாறையைப் பார்த்தாள். தவறான கோடு. பின்னோக்கி வரும்போது சங்கிலி சாய்வாக, இரீனியின் சங்கிலிக்குக் குறுக்கே இறங்கியிருப்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. நல்ல கடலோடி நங்கூரத்தைத் தூக்கி மறுபடி போடுவாள். ஆனால் வூலா பார்க்கிறாள். இரீனி பார்க்கிறாள். துறையே பார்க்கிறது. 'சரியாத்தான் விழுந்திருக்கு' என்று கலோத்தினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள்.

கயிறு வாங்க வூலா துறைமேட்டுக்கு இறங்கி வந்து இரண்டு கையையும் நீட்டினாள். கலோத்தினா அவள் தலைக்கு மேலே கயிற்றை வீசி, பின்னால் நின்ற சாப்பாட்டுக்கடை சக்கெல்லாரிஸிடம் போட்டாள்.

"ஏம்மா, கிட்ட ஒருத்தி கையை நீட்டிட்டு நிக்கிறா, எட்ட நிக்கிற கிழவனுக்குப் போடுறியே" என்றார் அவர். எழுபது வயதிலும் வாய் ஓயாதவர்.

"உங்க கையில போட்டா நம்பிக்கை. சிலர் கையில போட்டா அடுத்த படகுக்குப் போயிடும்."

வூலா நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். "வந்துட்டியா?" என்றாள்.

"ஏன், வரக்கூடாதா? கடல் யார் அப்பன் வீட்டுச் சொத்து?"

வூலா திரும்பிப் போனாள். 'பல்லாண்டு இரு' என்று பெயர்நாள் வாழ்த்து சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. எங்கள் பக்கத்தில் எதிரியைக்கூடப் பெயர்நாளில் வாழ்த்தாமல் விடுவதில்லை. பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் அந்த உறவு முடிந்தது என்றுதான் பொருள். வாழ்த்த நினைத்த கலோத்தினா, குனிந்து பாய்க் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

சக்கெல்லாரிஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே எரிகிற நெருப்பில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "நேத்து நீ பாத்திருக்கணும் தாயே. இந்தப் பெரிய படகை உள்ள கொண்டாந்தது யாருங்கறே? வூலா! காத்து என்னமா அடிச்சுது! அலட்டிக்காம, பூ மாதிரி கொண்டாந்து நிறுத்தினா."

"வூலாவா? சுக்கான் பிடிச்சாளா?"

"பின்ன, நானா பொய் சொல்றேன்?"

பதினொரு வருடத்தில் துறைக்குள் வூலா சுக்கானைத் தொட்டதில்லை. கலோத்தினா தொட விட்டதில்லை. போன வருடம் லிப்சி தீவில் வூலா கயிற்றைத் தவறவிட்டபோது, "கையாடி அது, கரண்டியா?" என்று கலோத்தினா கேட்ட கேள்வி துறை முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். வூலாவும் சிரித்தாள். கலோத்தினா அதை அன்றே மறந்துவிட்டாள். சொன்னவர்களுக்கு மறந்துபோவது சுலபம்.

நண்பகலில் மேசை போட்டார்கள். துறைமேட்டில், கலோத்தினாவின் படகுக்குப் பத்தடி தள்ளி. கணவாய் வடையின் மணமும் திராட்சை இலையில் பொதிந்த சோற்றின் மணமும் நேராக அவள் படகுக்குள் வந்தது. பெயர்நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. நினைவு வைத்திருக்கிறவர்கள் தானாக வருவார்கள், வந்தவர்களுக்கு விருந்து. கலோத்தினாவே எத்தனை வீட்டுக்கு அப்படிப் போயிருக்கிறாள்! ஆனால் பொறாமை பிடித்தவளுக்கு ஊர் வழக்கம் நினைவிருக்குமா? 'கூப்பிடட்டும், போறேன்' என்று உள்ளே உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்றால் பேச்சு முழுவதும் கேட்கிற உள்ளே.

கடைசியில் கூப்பிட்டது இரீனி. படகின் ஓரமாக வந்து நின்று, "நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிடலாமே" என்றாள்.

"சாப்பிட்டாச்சு" என்றாள் கலோத்தினா. காலையிலிருந்து ஒரு ரஸ்க்கும் தண்ணீரும்தான். வூலாவின் பெயர்நாளுக்குத் தன்னைக் கூப்பிட இவள் யார்? அந்நியரை அழைக்கிற மாதிரி அழைக்கிறாள்! பதினொரு வருடம் அந்த மேசையைத் தூக்கிவந்து போட்டவளை!

திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்தாள். வூலா மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை யாராவது நடந்து வரும் ஓசை கேட்டபோதும் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராதபடி தன் பையை வைத்திருந்தாள். கலோத்தினா அதையும் பார்த்தாள். பார்த்து, 'பையை வைக்கக்கூட அவளுக்குத் தனி நாற்காலி கேக்குது' என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் காலடியில், துண்டு சுற்றி, ஒரு தட்டு நிறைய வால்நட் கேக் இருந்தது. முந்தின நாள் சுட்டது. எதற்குச் சுட்டாள், யாருக்குச் சுட்டாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாலை ஐந்து மணிக்கு இரீனியின் படகு கிளம்பியது. இருட்டுவதற்குள் பக்கத்துத் தீவான ப்செரிமோஸ் போய்ச் சேர வேண்டும். கயிற்றை அவிழ்த்தார்கள். இரீனி பொத்தானை அழுத்த, நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறியது. படகு முப்பது மீட்டர் போயிருக்கும். சங்கிலி முனகி நின்றது. முகப்பு கீழ்நோக்கி இழுபட்டது. இரீனியின் நங்கூரம் தண்ணீருக்கு மேலே வந்தபோது, அதன் கொக்கியில் 'தெமெலினா'வின் துருப்பிடித்த பழைய சங்கிலி மாலை மாதிரி தொங்கியது.

துறைமேட்டில் சக்கெல்லாரிஸ் கையைத் தட்டினார். "ஆகா! நாள் முழுக்கப் பேசாத ரெண்டு பேரையும் நங்கூரம் கட்டி வச்சிடுச்சே!"

"அவங்கதான் என் சங்கிலி மேல போட்டிருக்காங்க!" என்று கலோத்தினா கத்தினாள்.

"தாயே, அவங்க நேத்து போட்டாங்க. நீ இன்னைக்குப் போட்டே. எது மேல இருக்கும்? பஸ்ஸுல ஏறுற பிள்ளையைக் கேளு, சொல்லும்."

கலோத்தினாவின் முகம் சிவந்தது. ஆனால் வெட்கப்படக்கூட நேரம் இல்லை. இரீனியின் படகு இழுத்த இழுப்பில் 'தெமெலினா'வின் நங்கூரம் பெயர்ந்துவிட்டது. பள்ளத்தாக்கிலிருந்து கடல் பக்கம் வீசிக்கொண்டிருந்த காற்று, எதிர்ப்பாறையில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி அடித்தது. படகின் பின்புறம் துறைமேட்டுக் கல்லை நோக்கி நகர்ந்தது. கயிற்றை அவிழ்த்து, எஞ்சினைப் போட்டு முன்னால் போக வேண்டும். அதே நேரம் முகப்பில் நின்று சங்கிலியை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு வேலை, ஒரே ஆள். கலோத்தினா கயிற்றை அவிழ்த்தாள், எஞ்சினைப் போட்டாள், முகப்புக்கு ஓடினாள், சுக்கானுக்குத் திரும்ப ஓடினாள். சக்கெல்லாரிஸ் கல்லில் உட்கார்ந்து இரண்டு காலாலும் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

யாரையாவது கூப்பிட வேண்டும். அவள் வாயில் வந்தது ஒரே பெயர்தான்.

"வூலா!"

அழைக்க வேண்டியதே இல்லை. அதற்குள் வூலா தண்ணீரில் குதித்திருந்தாள். நீலநிறப் புது உடையோடு, விறுவிறுவென்று நீந்தி வந்து, ஏணியைப் பிடித்து ஏறி, சொட்டச் சொட்டச் சுக்கான் தடியைப் பிடித்தாள்.

"முன்னாடி போ நீ" என்றாள்.

கலோத்தினா போனாள்.

"சங்கிலியை விடு. விடு. இன்னும் விடு! இரீனி, பிடிக்கயிறு போட்டு அந்தச் சங்கிலியைத் தாங்குங்க. ஆங், இப்ப உங்க நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்குங்க... கழண்டுச்சா? கழண்டுச்சு! கலோத்தினா, இழு இப்ப, சீக்கிரம் இழுடி, என்ன கையா அது, கரண்டியா?"

துறைமேடே சிரித்தது. கலோத்தினாவுக்குச் சுருக்கென்றது. லிப்சியில் சொன்னது இத்தனை சத்தமாகவா கேட்டிருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு கைவிசையைச் சுற்றி நங்கூரத்தை மேலே ஏற்றினாள்.

அப்போது பாறை மேலிருந்து ஒரு பெருங்காற்று இறங்கியது. தண்ணீர் கறுத்துக்கொண்டு வருவதைக் கலோத்தினா பார்த்தாள். எதிர்ப்பாறை பத்து மீட்டரில் இருந்தது. 'இடது பக்கம்!' என்று கத்த வாயைத் திறந்தாள். வாயிலிருந்து சொல் வருவதற்குள் படகு திரும்பியிருந்தது. காற்று ஓரமாக உரசிக்கொண்டு போனது. 'தெமெலினா' ஆடக்கூட இல்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டு பின்னால் வந்தாள். இந்தத் திருப்பம் இரண்டு மாதத்தில் வருகிற திருப்பம் இல்லை. தான் பதினொரு வருடத்தில் கொடுக்காததை எவளோ ஒருத்தி இரண்டு மாதத்தில் கொடுத்துவிட்டாள் என்றால் இனி எந்த முகத்தோடு இவளை வா என்று கூப்பிடுவது?

"யார்டி கத்துக்குடுத்தா இதை? அவளா?"

"நீதான்."

"நானா? உன்னை நான் இது பக்கத்துலயே விட்டதில்லையே."

"விடலை. பதினோரு வருஷமா உன் கையையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். காத்து வர்றதுக்கு முன்னாடியே உன் கை திரும்பும். அதையே செஞ்சேன். இரீனி ஒண்ணும் கத்துக்குடுக்கலை. 'இந்தாங்க, பிடிங்க'ன்னா. அவ்வளவுதான்."

கலோத்தினா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். மெல்லிய குரல்காரி மீது அவளுக்கு இத்தனை நாள் இருந்த வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருந்தது, ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் அது எதற்காக என்பது மட்டும் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு சொல்லைத் தான் சொல்லியிருக்கலாம். காசா பணமா?

"வூலா, வர்றீங்களா?" என்று இரீனி கூப்பிட்டாள். அவளுடைய படகு துறை வாயில் காத்து நின்றது. பாறை நிழல் தண்ணீரைப் பாதிக்கு மேல் மூடிவிட்டது.

"அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள் வூலா. "தனியா ஓட்டிட்டுப் போகத் தெரியாது அவளுக்கு. நீ வேற, ஓட்டத் தெரியாதவங்களைப் பாத்தா பத்திக்கிட்டு எரிவே. நான் போகணும்."

"போ. யார் வேண்டாம்னா?"

வூலா 'தெமெலினா'வை இரீனியின் படகோடு ஒட்டிக் கொண்டுபோய், இரண்டு படகும் உரசாமல் நிறுத்தினாள். கலோத்தினாவுக்கு அதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தாள்.

வூலா அந்தப் பக்கம் கால் வைத்தபோது, "அடியே!" என்றாள் கலோத்தினா. "பல்லாண்டு இருடி."

வூலா திரும்பினாள். முகத்தில் வழிந்தது கடல்தண்ணீர்தானா என்று கண்டுபிடிக்க முடியாது. "மத்தியானத்துலேருந்து நாற்காலியில பையை வச்சு இடம் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன். இப்பதான் வாயில வருதா உனக்கு?"

கலோத்தினாவுக்கு அந்தப் பை நினைவுக்கு வந்தது.

"அடுத்த வருஷம் என் படகுல வா" என்றாள். "சுக்கான் நீ பிடி. உள்ள வரும்போதும் நீதான்."

"கத்தமாட்டியே?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். கலோத்தினா சொல்லவில்லை. "கத்துவேன். ஆனா முகப்புல நின்னு கத்துவேன்."

வூலா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கலோத்தினா உள்ளே ஓடிப்போய்த் துண்டு சுற்றின தட்டை எடுத்து வந்தாள். இரண்டு படகுக்கும் நடுவே கையை நீட்டி வூலாவின் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் உடனே விடவில்லை.

"தட்டு எனக்குத் திரும்பி வரணும். காலியா வரக்கூடாது."

"வரும். நானே கொண்டாறேன்."

இரீனியின் படகு மெல்ல விலகியது. வூலா ஈர உடையோடு சக்கரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். பக்கத்தில் இரீனி துண்டைத் தூக்கிப் பார்த்து, ஏதோ மெல்லிய குரலில் பாராட்டினாள். பாறைப் பிளவின் வாயை அவர்கள் தாண்டுவதற்குள் கலோத்தினா இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டாள். அந்தப் பள்ளிக்கூட பஸ் தொண்டை இரண்டு பக்கப் பாறையிலும் மோதித் துறை முழுக்கக் கேட்டது.

"வூலா! அவளுக்கு ஒரு துண்டுக்கு மேல குடுக்காதே!"